கனகா டொக்டரின் கையும் எங்கள் மாமியின் கையும்

போன ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு கல்லடியில் ஒரு இரத்ததான முகாம். தங்கச்சியின் மகளுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, "பெரியம்மா, நானும் குடுக்கப் போறன், நீங்களும் வாங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். காலையில் புட்டும் வாழைப்பழமும் வற்புறுத்திச் சாப்பிட வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். நிறை பார்த்தார்கள், 50 கிலோவுக்குக் கொஞ்சம் மேல், தப்பினாள். கட்டிலில் படுத்துக் கையை நீட்டி ஊசி ஏறும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஏதாவது கதை சொல்லுங்க பெரியம்மா" என்றாள்.

அப்போது நான் சொன்ன கதைதான் இது. அங்கே அரைவாசிதான் சொல்லி முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் ஒரு டொக்டர் இருந்தார், பெண், மூளையில் அறுவை செய்பவர், 2004 ஆம் ஆண்டு வரைக்கும் 139 தடவை இரத்தம் கொடுத்திருந்தார் என்று தொடங்கினேன். "நூற்றி முப்பத்தொன்பதா?" என்று தலையைத் தூக்கப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற நேர்ஸ் மிஸ் தோளைப் பிடித்து அமர்த்தினார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் கொடுத்தாலும் 139 தடவைக்கு 34 வருடத்துக்கு மேல் வேண்டும். எங்கள் நாட்டு முறைப்படி நாலு மாதத்துக்கு ஒரு தடவை என்று பார்த்தால் 46 வருடம் வேண்டும். தனியாள் ஒருவர் அதிக தடவை இரத்தம் கொடுத்ததற்காக இந்தியாவின் லிம்கா சாதனைப் புத்தகத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. அவருடைய பெயர் டொக்டர் டி.எஸ். கனகா, தஞ்சாவூர் சந்தானகிருஷ்ணா கனகா. 1932 மார்ச் 31 இல் சென்னையில் பிறந்தார், 2018 நவம்பர் 14 இல் காலமானார்.

அவர் இறந்த செய்தியை வாசித்துத்தான் எனக்கும் அவரைத் தெரியும். அந்த வயது வரைக்கும் இப்படி ஒரு தமிழ்ப் பெண் இருந்தார் என்று பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கே தெரியாமல் இருந்தது. அன்று இரவு கைத்தொலைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தேடித்தேடி வாசித்துக்கொண்டே இருந்தேன், விடியச் சாமம் ஆகிவிட்டது. அப்படி வாசிக்க வைத்தது அவர் "முதல் பெண்" என்பது இல்லை. அவர் செய்த அறுவைகளில் ஒன்று கை நடுக்கத்துக்கானது. எங்கள் மாமிக்கும் அந்த நடுக்கம்தான்.

மாமி அப்பாவின் மூத்த அக்கா. வாவிக்கு மேற்குப் பக்கம் படுவான்கரையில் இருந்தவர், பன் புல்லில் பாய் இழைப்பதில் அந்தப் பகுதியிலேயே பெயர் எடுத்தவர். குளத்தில் பன் அறுத்துக் காயவைத்து, சாயம் போட்டு, முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு இருந்து இழைப்பார். வாய் எங்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கண் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை மட்டும் தன்பாட்டுக்குப் பின்னிக்கொண்டே போகும். எனக்குக் கலியாணம் ஆனபோது அவர் இழைத்துத் தந்த பாய் இன்னும் என் வீட்டில் இருக்கிறது.

2011 வாக்கில் அந்தக் கையில் நடுக்கம் தொடங்கியது. முதலில் வலது கை, அதுவும் கை சும்மா மடியில் இருக்கும்போதுதான், பெருவிரலும் சுட்டுவிரலும் ஏதோ ஒரு மணியை உருட்டுவது மாதிரி. வேலை செய்யும்போது குறைந்துவிடும், அதனால் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு நடை மெதுவாகிவிட்டது, குரல் சின்னதாகிவிட்டது. முகத்தில் சிரிப்பு வருவது குறைந்துபோய், மாமிக்கு எங்களோடு ஏதோ கோபம் என்றுகூட நினைத்தோம். அந்த நினைப்பை எண்ணினால் இன்றைக்கும் மனம் வலிக்கிறது. ஆட்கள் வந்தால் கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொள்வார். ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பை தட்டில் அடிபட்டுச் சிந்தியபோது, "எண்ட கை எண்ட சொல்லுக் கேக்குதில்ல புள்ள" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

தனியார் கிளினிக் ஒன்றில் காட்டினோம். "வயசு போனா கை நடுங்கும்தான்" என்று சத்துக் குளிசை எழுதித் தந்தார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி ஏறக்குறைய இரண்டு வருடத்தை வீணாக்கினோம். கடைசியில் ஒரு சொந்தக்காரப் பிள்ளை, அவள் நேர்சாக வேலை பார்த்தவள், மாமி நடந்து வருவதைப் பார்த்துவிட்டு, "இது பாக்கின்சன் மாதிரி இருக்கு, நரம்பு டொக்டரிட்டக் காட்டுங்க" என்றாள். அப்போது மண்முனையில் பாலம் இல்லை, 2014 இல்தான் திறந்தார்கள். பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து, ஓட்டோவில் டவுனுக்கு வந்து, இரவு பஸ் பிடித்து, 300 கிலோமீற்றருக்கு மேல் இருந்தே போய், விடியக் கொழும்பில் இறங்கி, கிளினிக் வரிசையில் நின்று, காட்டிவிட்டு அன்று இரவே திரும்பி வருவோம். பஸ் குலுங்கக் குலுங்க மாமியின் கை என் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருக்கும். வருத்தத்தைவிட இந்தப் பயணம்தான் மாமியை வதைத்தது என்று நான் இப்போதும் சொல்வேன்.

பாக்கின்சன் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம். நடு மூளையில் கறுப்பு நிறமாக ஒரு சிறு பகுதி இருக்கிறது, அங்கே இருக்கிற கலங்கள் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கின்றன, நம் அசைவுகள் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கு அது வேண்டும். அந்தக் கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. ஏன் சாகின்றன என்பதற்கு இன்னும் முழுப் பதில் இல்லை. 1960களின் கடைசியில் லீவோடோபா என்ற மருந்து வந்தது, மாமி குடித்ததும் அதுதான், முதல் இரண்டு மூன்று வருடம் நல்ல பலன் கொடுத்தது. ஆனால் அந்த மருந்து வருவதற்கு முன்பு நடுக்கத்தோடு வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வாசல், அறுவை.

சரி, இனிக் கனகா டொக்டரிடம் வருவோம்.

அவர் 1954 டிசம்பரில் எம்.பி.பி.எஸ். முடித்தார், பொது அறுவையில் எம்.எஸ். பட்டம் 1963 இல், மூளை நரம்பு அறுவையில் எம்.சிஎச். 1968 மார்ச்சில். முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் நடுவில் 13 வருடத்துக்கு மேல். இடையில் 1962 இல் இந்தியா சீனா போர் வந்தபோது இராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்து பணி செய்திருக்கிறார், அப்போது முப்பது வயது. எட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பிறந்தவர். தகப்பனார் கல்வித்துறையில் பெரிய பதவியில் இருந்தவர். பெண்கள் டொக்டராக வந்தால் பிள்ளைப்பேறு பார்ப்பார்கள், குழந்தைகளைப் பார்ப்பார்கள் என்பதுதான் அந்தக் காலத்து நினைப்பு (எங்கள் ஊரில் அது முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன்). அந்தக் காலத்தில் மண்டையோட்டைத் திறக்கிற வேலையைத் தனக்கென்று எடுத்திருக்கிறார்.

அந்தத் துறையே அப்போது குழந்தைதான். இந்தியாவில் மூளை அறுவைக்கென்று முதல் பிரிவை 1949 இல் வேலூரில் டொக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த வருடம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டொக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். சீர்காழியில் பிறந்து இங்கிலாந்தில் நியூகாசிலில் பயிற்சி எடுத்துவிட்டுத் திரும்பியவர், அப்போது அவருக்கு 28 வயதுதான். கனகா வேலை பழகியது இந்தச் சென்னைப் பிரிவில். ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், இவர்களோடு கனகா. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் உலகத்தில் ஒருசில இடங்களில் மட்டும் நடந்துகொண்டிருந்த ஒரு வகை அறுவையை ஒரு அரசு ஆஸ்பத்திரியில், காசில்லாத சனத்துக்கு, இவர்கள் செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்திய விசயம்.

அந்த அறுவைக்கு ஸ்டீரியோடக்டிக் என்று பெயர். மண்டையைப் பெரிதாகத் திறப்பதில்லை, ஒரு சின்னத் துளை, அதனூடாக ஒரு மெல்லிய கம்பி, அது மூளையின் ஆழத்தில் இருக்கிற கடலைப் பருப்பளவு இடம் ஒன்றைச் சரியாகப் போய்த் தொட வேண்டும். இப்போது என்றால் ஸ்கேனில் எல்லாம் தெரியும். ஒரு நோயாளியின் தலையை சி.டி. ஸ்கேன் எடுத்ததே முதல் தடவையாக 1971 அக்டோபரில், லண்டனில். அதற்கு முன்னால் எக்ஸ்ரே மட்டும்தான், எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், மூளை தெரியாது. அதனால் என்ன செய்வார்கள் என்றால், தலையைச் சுற்றி ஒரு உலோகச் சட்டத்தைத் திருகிப் பொருத்துவார்கள், மூளைக்குள் நீர் நிறைந்திருக்கிற அறைகளுக்குள் காற்றையோ எக்ஸ்ரேயில் தெரிகிற திரவத்தையோ செலுத்திப் படம் எடுப்பார்கள், அந்த அறைகளின் விளிம்பு படத்தில் விழும், அதிலிருந்து இத்தனை மில்லிமீற்றர் பின்னுக்கு, இத்தனை பக்கவாட்டில், இத்தனை ஆழத்தில் என்று கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். எங்கள் ஆட்கள் கடலில் நின்று, கரையில் தெரிகிற கோயில் கோபுரத்தையும் ஒரு உயர்ந்த தென்னையையும் நேர் பார்த்து, தண்ணிக்குக் கீழே பாறைத் திட்டு இருக்கிற இடம் இதுதான் என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனால் இங்கே இரண்டு மூன்று மில்லிமீற்றர் பிசகினால் ஒரு மனிசரின் பேச்சோ ஒரு பக்கத்துக் கைகாலோ போய்விடும்.

இன்னொன்று, நோயாளி விழித்துக்கொண்டுதான் இருப்பார். மூளைக்கு வலி தெரியாது, தோலையும் எலும்பையும் மரக்கச் செய்தால் போதும். கம்பி உள்ளே போகும்போது டொக்டர் கேட்பார், கையை நீட்டுங்கள், விரலை மடக்குங்கள், பெயரைச் சொல்லுங்கள். சரியான இடத்தைத் தொட்டதும், வருடக்கணக்காக ஆடிக்கொண்டிருந்த கை அந்த மேசையிலேயே நின்றுபோகும். இதை முதலில் வாசித்தபோது நான் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். மாமியின் கை அப்படி நின்றிருந்தால் அவர் முகத்தில் என்ன தெரிந்திருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கனகா அதற்கு அடுத்த படிக்கும் போனார். முந்திய முறையில் அந்தச் சின்ன இடத்தைச் சுட்டு அழித்துவிடுவார்கள், அழித்தது அழித்ததுதான், திரும்பி வராது. அதற்குப் பதிலாக மின்முனையை அங்கேயே பதித்து வைத்து மெல்லிய மின்சாரத்தால் தூண்டிக்கொண்டிருக்கலாம் என்பது மற்ற வழி. இந்தியாவில் மூளைக்குள் நீண்டகாலம் இருக்கும்படி மின்முனை பதித்த முதல் அறுவை மருத்துவர் கனகாதான், 1975 இல். இந்தச் சிகிச்சையை உலகம் முழுக்கப் பரவ வைத்த பிரான்ஸ் ஆய்வுகள் 1987 இல்தான் வருகின்றன. இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் டி.பி.எஸ்., அதாவது ஆழ்மூளைத் தூண்டல், என்று சொல்லி, நெஞ்சுத் தோலுக்குக் கீழே ஒரு சின்ன மின்கலப் பெட்டியை வைத்து, பல லட்சம் ரூபா செலவில் செய்கிறார்கள். கொழும்பில் ஒரு டொக்டர் எங்களுக்கு இதைப் பற்றி ஒரு வசனம் சொன்னார், செலவைக் கேட்டதும் மாமி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வா புள்ள, பஸ்சுக்கு நேரமாகுது" என்றார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் அது சரியில்லை. அந்தச் சென்னைக் குழு செய்த அறுவைகள் எல்லாமே நடுக்கத்துக்கானவை இல்லை. கட்டுக்கடங்காத ஆவேசமும் ஓயாத அமைதியின்மையும் உள்ளவர்களுக்கு, அவர்களில் பிள்ளைகளும் உண்டு, மூளையில் உணர்ச்சியோடு சம்பந்தப்பட்ட அமிக்டலா என்ற பகுதியில் அறுவை செய்தார்கள், அதற்கு அமைதிப்படுத்தும் அறுவை என்ற கருத்தில் ஒரு பெயரும் வைத்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். கனகாவின் பெயரும் அவற்றில் இருக்கிறது. இன்றைக்கு அதை அப்படிச் செய்யமாட்டார்கள், பேசமுடியாத ஒரு பிள்ளைக்காக யார் சம்மதம் சொல்வது என்ற கேள்வி முதலில் வரும். அதை வாசிக்கும்போது எனக்கு நெருடியது, இப்போதும் நெருடுகிறது. நல்ல மருந்துகள் குறைவாக இருந்த காலம், பிள்ளையைக் கட்டிலோடு கட்டி வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வந்து நின்ற தாய் தகப்பன்மார் இருந்த காலம் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டுதான் நான் அவரை மதிக்கிறேன்.

"ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை மருத்துவர்" என்றுதான் எல்லா இடத்திலும் அவரைப் பற்றி எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் டயானா பெக் அவருக்கு முந்தியவர், துருக்கியில் அய்சிமா அல்தினொக் 1959 இலேயே தகுதி பெற்றுவிட்டார், துருக்கியை எந்தக் கண்டத்தில் சேர்ப்பது என்று யாராவது வாதாடலாம். எனக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லை. உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய பெண்கள் இருந்த ஒரு துறையில் ஒரு தமிழ்ப் பெண் நின்றார், அது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் முதலாவதாக வந்தவர் வந்த இடத்தில் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும் இல்லையா?

அவர் செய்தது இதுதான். கலியாணம் கட்டவில்லை. தன் சொந்தக் காசைப் போட்டு, தாய் தகப்பன் பெயரில், ஸ்ரீ சந்தானகிருஷ்ணா பத்மாவதி என்று ஒரு மருத்துவ, ஆய்வு நிலையத்தைச் சென்னையில் அமைத்தார். வசதியில்லாதவர்களுக்கு அங்கே இலவசமாகச் சிகிச்சை. மூளைக்குள் மின்முனை பதித்த கை, அங்கே சாதாரண சனத்துக்கு வைத்தியம் பார்த்தது. அவருடைய குருவான ராமமூர்த்தியும் பிற்காலத்தில் அடையாற்றில் ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்ட வி.எச்.எஸ். மருத்துவமனையில் மூளை அறுவைப் பிரிவைக் கட்டி எழுப்பினார், 2003 டிசம்பரில் இறந்தார். ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்றால் இப்படித்தான் இருக்கும் போல.

அதோடு அந்த இரத்தம். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அறுவை செய்கிறவருக்கு மேசையில் எவ்வளவு இரத்தம் போகும் என்று எல்லாரையும்விட நன்றாகத் தெரியும், இரத்தம் இல்லை என்று அறுவையைத் தள்ளிப்போடுகிற கொடுமையும் தெரியும். ஆனால் தெரிந்துகொண்டு, சரி, வேறு யாராவது கொடுப்பார்கள் என்று இருந்துவிடலாம்தானே. அவர் தன் கையையே நீட்டினார். காசு கொடுப்பது வேறு, அதற்கு ஒரு கையெழுத்துப் போதும். இதற்கு வந்து படுக்க வேண்டும்.

மாமி 2017 தை மாதம் போனார். கடைசி வருடம் மருந்தின் பலன் விட்டு விட்டுத்தான் கிடைத்தது, குடித்து ஒரு மணித்தியாலம் நன்றாக இருப்பார், மறுகா கை பிடிபட்டுப்போகும். அந்த நல்ல ஒரு மணித்தியாலத்தில் பன் கட்டைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு மூன்று வரி இழைப்பார். அப்படி இழைத்த பாய் ஒன்று, ஒரு முழம்கூட இல்லை, அப்படியே சுருட்டி வைத்திருக்கிறோம். பின்னல் ஒரு இடத்தில் இறுக்கமாகவும் ஒரு இடத்தில் தளர்வாகவும் இருக்கும், மருந்து எப்போது வேலை செய்தது எப்போது விட்டது என்று அதைத் தடவிப் பார்த்தே சொல்லலாம்.

கை நடுங்குகிறது என்று யாராவது உங்கள் வீட்டில் சொன்னால், வயது போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது நடுங்குகிறதா, நடை சின்ன அடியாக மாறிவிட்டதா, கையெழுத்து வரவரச் சின்னதாகிறதா, முகத்தில் அசைவு குறைகிறதா என்று பாருங்கள், பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நரம்பு டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

மகளுக்கு 450 மில்லிலீற்றர் நிறைந்ததும் ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அமர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள். பிஸ்கட்டும் ஒரு பக்கெற் பாலும் கொடுத்தார்கள். வரும் வழியில் கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டியை நிற்பாட்டச் சொல்லி, அட்டையை எடுத்துப் பார்த்து, ஆவணியிலிருந்து விரல்விட்டு எண்ணினாள். "அடுத்தது மார்கழியில பெரியம்மா. மாரி மழையெல்லோ, முகாம் வைப்பாங்களா?"

வைக்காவிட்டால் நாங்களே இரத்த வங்கிக்குப் போவம் என்றேன்.

"அப்ப இன்னும் நூற்றி முப்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டு அட்டையைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள்.